பாலார்டா, ஃப்யூவல்செல் எனர்ஜியா: நான் பாலார்டை எடுத்த கதை

2025 ஏப்ரலில் கொஞ்சம் பணம் ஒதுக்கி, ஒரு சிறிய ஃப்யூவல் செல் கம்பெனியின் பங்கு வாங்குவது என்று முடிவு செய்தேன். ஃப்யூவல் செல் என்பது ஹைட்ரஜன் போன்ற எரிபொருளை எரிக்காமலே மின்சாரமாக மாற்றும் கருவி. கடைசியில் இரண்டு பெயர்கள் நின்றன. ஒன்று கனடாவில் வான்கூவர் பக்கத்தில் பர்னபியில் இருக்கும் பாலார்ட் பவர் சிஸ்டம்ஸ். இன்னொன்று அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து டான்பரியில் இருக்கும் ஃப்யூவல்செல் எனர்ஜி. இரண்டுமே அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் கிடைக்கும். நான் வாங்கியது பாலார்ட். அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன், அதை மனதில் வைத்தே படியுங்கள்.

இதே துறையின் மற்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளான பிளக் பவர், புளூம் எனர்ஜியை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். புளூம் இப்போது சிறிய கம்பெனி இல்லை. அதை ஆரம்பித்த கே.ஆர். ஸ்ரீதர் திருச்சி ஆர்.இ.சி.யில் படித்தவர் என்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் நான் தேடியது அந்த அளவுக் கம்பெனி இல்லை. பிளக் பவரின் பங்கு எண்ணிக்கை 2025-இல் 100 கோடியைத் தாண்டியது. அதை ஏன் முதல் பார்வையிலேயே தள்ளினேன் என்பது போகப் போகப் புரியும்.

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலார்டின் செல் ஏறக்குறைய 80 டிகிரியில் ஓடும். பிளாட்டினம் வேண்டும், சுத்தமான ஹைட்ரஜன் வேண்டும். சட்டென்று ஆன் ஆகும், அதனால் பஸ், ரயில் எஞ்சின், கப்பலுக்குச் சரிப்படும். ஃப்யூவல்செல் எனர்ஜியின் செல் உருகிய கார்பனேட் வகை, ஏறக்குறைய 650 டிகிரி. இயற்கை எரிவாயுவையோ சாண எரிவாயு போன்றவற்றையோ நேராகவே கொடுக்கலாம், பிளாட்டினம் தேவையில்லை. அந்தச் சூட்டுக்கு வருவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் ஒரே இடத்தில் நின்று இரவு பகலாக மின்சாரம் தருவதற்குத்தான் லாயக்கு. இரண்டு கம்பெனிக்கும் வேலை தெரியும். லண்டன் பஸ்களில் பாலார்டின் செல்கள் 25,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கின்றன. நார்வேயில் திரவ ஹைட்ரஜனில் ஓடும் ஹைட்ரா என்ற படகில் இருப்பதும் அவர்களுடையதுதான். அந்தப் பக்கம், கொரியாவின் ஹ்வாசோங்கில் 59 மெகாவாட் அளவுக்கு ஒரு ஃப்யூவல் செல் பூங்காவே ஃப்யூவல்செல் எனர்ஜியின் கருவிகளால் ஆனது. எனவே எது நல்ல இயந்திரம் என்று நான் முடிவெடுக்கவில்லை. அது எனக்கு முடிகிற காரியமும் இல்லை.

நான் முடிவெடுத்த இடம் வேறு. சில வருடங்களுக்கு முன் இதே துறையில் இன்னொரு சின்னக் கம்பெனியில் பணம் போட்டிருந்தேன், பெயர் வேண்டாம். ஒரு நாள் காலையில் கணக்கைத் திறந்தால் 500 பங்கு இருந்த இடத்தில் 25 இருந்தது. 20 பங்கை ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். விலையும் 20 மடங்கு காட்டியதால் மொத்த மதிப்பில் அன்றைக்கு மாற்றம் இல்லை. அடுத்த சில மாதங்களில் புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே போனார்கள், விலை இறங்கிக்கொண்டே போனது. கம்பெனி இன்னும் உயிரோடு இருக்கிறது. என் பங்குதான் கரைந்துவிட்டது. அந்த 25-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்தத் துறையில் எந்தப் பங்கைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: லாபம் வரும் வரை தாக்குப்பிடிக்க இவர்களிடம் பணம் இருக்கிறதா, இல்லை என் தலையில் புதுப் பங்கை ஏற்றித்தான் காலம் தள்ளப்போகிறார்களா? நாஸ்டாக்கில் விலை தொடர்ந்து 30 வர்த்தக நாள் ஒரு டாலருக்குக் கீழே இருந்தால், சந்தைப் பட்டியலிலிருந்து நீக்க நேரிடும் என்று கம்பெனிக்கு நோட்டீஸ் வரும். சரிசெய்ய 180 நாள் கொடுப்பார்கள். விலை தானாக ஏறவில்லை என்றால் சுலபமான வழி பங்குகளை ஒன்றாகச் சேர்ப்பதுதான்.

இந்தக் கண்ணோடு ஃப்யூவல்செல் எனர்ஜியைப் பார்த்தேன். 2015 டிசம்பரில் 12-க்கு 1, அதாவது 12 பங்கை ஒன்றாகச் சேர்த்தார்கள். 2019 மே மாதத்தில் மறுபடி 12-க்கு 1. 2024 நவம்பரில் 30-க்கு 1. கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 2015 நவம்பரில் ஒருவர் 4,320 பங்கு வைத்திருந்தார் என்று வையுங்கள். அந்த டிசம்பரில் அது 360. 2019-இல் 30. 2024-இல் 1. ஒரே ஒரு பங்கு. கடைசி முறை சேர்ப்பதற்கு முன் சுமார் 60 கோடி பங்குகள் புழக்கத்தில் இருந்தன, சேர்த்த பிறகு சுமார் 2 கோடி. எண்ணிக்கை குறைந்ததும் மறுபடி வெளியிட இடம் கிடைத்துவிடுகிறது. சந்தை விலைக்கே அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப் பங்கு விற்கும் வழியை அவர்கள் தொடர்ந்து பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இது சட்டப்படி சரியானது, எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதித்தான் செய்கிறார்கள். ஆனால் செலவு யார் கையிலிருந்து போகிறது என்பது அந்த 4,320-இல் தெரிகிறது.

பாலார்ட் பங்கு விற்கவில்லையா என்றால், நிறைய விற்றது. விற்ற நேரம்தான் வேறு. 2021 பிப்ரவரியில் ஹைட்ரஜன் என்றாலே எல்லோரும் ஓடிவந்த சமயம். பாலார்ட் பங்கு 40 டாலரை எட்டியிருந்தது. அப்போது ஒரு பங்கு 37 டாலர் என்று விற்று 55 கோடி டாலர் திரட்டினார்கள். அதற்குப் புதிதாகக் கொடுத்தது ஒன்றரைக் கோடிக்கும் சற்றுக் குறைவான பங்குகள்தான். அதே 55 கோடியை நான் வாங்கிய சமயத்து விலையில், அதாவது ஒன்றரை டாலருக்கும் கீழே, திரட்ட வேண்டியிருந்தால் 36 கோடிக்கு மேல் பங்கு அச்சடிக்க வேண்டும். கம்பெனியில் அன்று இருந்த மொத்தப் பங்கே சுமார் 30 கோடி! என்னைப் பொறுத்தவரை முழு வித்தியாசமும் இதில்தான் இருக்கிறது. 37 டாலருக்கு வாங்கியவர்கள் பெரிய அடி வாங்கினார்கள், அதை மறைக்கக் கூடாது. அவர்கள் போட்ட பணம்தான் இன்றைக்குக் கம்பெனியை நடத்துகிறது. பின்னால் வந்த எனக்கு அது பாதுகாப்பு.

2024 முடிவில் பாலார்டின் கையிருப்பு சுமார் 60 கோடி டாலர். வங்கிக் கடன் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு பங்குக்கு ஏறத்தாழ 2 டாலர் ரொக்கம் வந்தது, நான் வாங்கியபோது சந்தையில் விலையோ அதற்குக் கீழே. அதாவது தொழிற்சாலை, காப்புரிமை, பஸ் கம்பெனிகளின் ஆர்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சந்தை போட்ட மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே. ஆனால் அந்த ரொக்கம் அப்படியே இருக்காது. 2021 முடிவில் 110 கோடிக்கு மேல் இருந்தது, 2022-இல் 91, 2023-இல் 75, அப்புறம் 60. சராசரியாக வருடத்துக்கு 15 கோடிக்கு மேல் கரைந்து வந்தது. 2024-இன் வேகத்திலேயே போனால் நான்கு வருடம். செலவைக் குறைக்க ஆள் குறைத்தார்கள், டெக்சஸின் ராக்வாலில் கட்டுவதாக இருந்த பெரிய தொழிற்சாலை பற்றிய முடிவைத் தள்ளிப்போட்டார்கள். வேலை இழந்தவர்களுக்கு அது கஷ்டம்தான். பணம் தீர்வதற்குள் கரை சேர அவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

பாலார்டின் குறை சின்னது இல்லை. 2023-இல் சுமார் 10 கோடி டாலராக இருந்த விற்பனை 2024-இல் 7 கோடியாக இறங்கியது. அதைவிட உறுத்தியது, அந்த வருடம் விற்ற பொருளின் தயாரிப்புச் செலவே விற்ற விலையைவிட அதிகமாக இருந்தது. ஆபீஸ் செலவு, ஆராய்ச்சிச் செலவு எல்லாம் அதற்கு மேல். ஹைட்ரஜன் விலை இறங்காமல் பஸ் கம்பெனிகள் பெரிய அளவில் வாங்க மாட்டார்கள், அது பாலார்டின் கையில் இல்லை. பங்கின் வரலாறும் பயமுறுத்தும்: 2000-இல் 100 டாலருக்கு மேல், 2012 இறுதியில் ஒரு டாலருக்கும் கீழே. ஆனால் அந்தப் பள்ளத்திலும் பங்குகளைச் சேர்க்காமலே மீண்டு வந்தார்கள். எனக்கு நம்பிக்கை கொடுத்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

ஃப்யூவல்செல் எனர்ஜிக்கு நியாயம் செய்வதென்றால், அடுத்த சில வருடங்களின் தேவை அவர்கள் பக்கம்தான் அதிகம் தெரிகிறது. டேட்டா சென்டர்களுக்கு உடனே மின்சாரம் வேண்டும், பொது மின்கட்டமைப்பான கிரிட்டின் இணைப்புக்கு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எரிவாயுக் குழாய் இருக்கும் இடத்தில் இவர்களின் கருவியை நிறுத்திவிடலாம். லாங் பீச் துறைமுகத்தில் டொயோட்டாவுக்காக அமைத்த நிலையம் மின்சாரம், ஹைட்ரஜன், தண்ணீர் மூன்றையும் தருகிறது. கரியமில வாயுவைப் பிரித்தெடுக்க எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான்மொபிலோடு வருடக் கணக்காக வேலை செய்கிறார்கள். செல் அடுக்கை சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்தச் செலவு நீண்ட கால ஒப்பந்தத்தில் எப்படி உட்காரும் என்பதை எடைபோட எனக்கு அனுபவம் போதாது. மின்துறையில் வேலை செய்பவர்கள் இதே இரண்டையும் பார்த்து வேறு முடிவுக்கு வரலாம். அவர்கள் பேச்சை நான் காதுகொடுத்துக் கேட்பேன்.

நீங்களும் பார்ப்பதாக இருந்தால் முதலில் செய்தியைப் படிக்காதீர்கள். அமெரிக்கக் கம்பெனியின் காலாண்டு அறிக்கையில் முதல் பக்கத்தின் கீழே, அன்றைய தேதிக்கு எத்தனை பங்குகள் இருக்கின்றன என்று ஒரு வரி இருக்கும். ஐந்து வருட அறிக்கைகளில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து வரிசையாக எழுதுங்கள். நடுவில் சேர்ப்பு நடந்திருந்தால் பழைய எண்ணை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. இந்தியாவில் இருந்து வாங்கினால் ஒரே ஒரு பங்கு என்றாலும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

நான் போட்டது என் சேமிப்பில் மூன்று சதவீதம். முழுவதும் போனாலும் வீட்டுச் செலவில் கை வைக்க வேண்டியிருக்காது. விலை இறங்கினால், வாங்கிய விலையின் சராசரியைக் குறைக்க மேலும் வாங்குவதில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காலாண்டும் இரண்டு எண்களைத்தான் நோட்டில் குறிக்கிறேன்: கையிருப்பு எவ்வளவு, பங்கு எத்தனை. இரண்டாவது எண் 30 கோடியை விட்டு வேகமாக ஏற ஆரம்பித்தால், அன்றைக்கு என்ன விலை இருந்தாலும் விற்றுவிடுவேன்.