பாரிஸில் திருமண நாள் விருந்து: கோபுரத்திலா, படகிலா?

ஈஃபிள் கோபுரத்தின் இரண்டாம் தளத்தில், 125 மீட்டர் உயரத்தில் இருக்கிறது லெ ஜூல் வெர்ன் உணவகம். கீழே சேன் நதியில் விருந்துப் படகுகள். பலரும் தடுமாறும் இடம் இதுதான்.

செலவு: கோபுரத்தில் இரவு விருந்து ஒருவருக்கு 200 யூரோவைத் தாண்டும், மது தனி. படகில் பெரும்பாலும் அதில் பாதிக்கு முடித்துவிடலாம். படகில் ஜன்னலோர மேசைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, கொடுத்துவிடுங்கள்.

சாப்பாடு: போட்டியே இல்லை. கோபுரத்துச் சமையலறை 2024இல் சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷ்லின் நட்சத்திரத்தில் இரண்டாவதைப் பெற்றது. படகில் வயிறு நிறையும், அவ்வளவுதான். சைவர்கள் இரண்டிலும் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

காட்சி: இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் கோபுரத்தின் 20,000 விளக்குகள் ஐந்து நிமிடம் மினுங்கும். கோபுரத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கோபுரம் எப்படித் தெரியும்? படகிலிருந்தோ அது முழுதாகத் தெரியும். நோத்ர்தாம் தேவாலயம், லூவர் அருங்காட்சியகம் எல்லாம் கரையோரம் நகரும். ஆனால் ஜூனில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகிவிடும். மாலைப் படகில் ஏறினால் பட்டப்பகல்தான்.

உடை: கோபுரத்தில் அரைக்கால் சட்டைக்கு இடமில்லை.

நாக்குக்கு முதலிடம் தரும் தம்பதிக்குக் கோபுரம்; அதிலும் மதிய விருந்து என்றால் கையைச் சற்றுக் குறைவாகக் கடிக்கும். ஊரைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருக்க விரும்புபவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் படகுக்கே போகலாம்.