பெட்ஃபோர்டு சதுக்கமா, மெரியன் சதுக்கமா?

ஜார்ஜியன் காலச் (ஜார்ஜ் என்ற பெயருள்ள மன்னர்கள் பிரிட்டனை ஆண்ட காலம்) செங்கல் வீடுகளைப் பார்க்க ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், லண்டனின் பெட்ஃபோர்டு சதுக்கமா, டப்ளினின் மெரியன் சதுக்கமா?

பெட்ஃபோர்டு 1775-இல் எழத் தொடங்கியது. ஒரு பக்கத்து வீடுகள் அத்தனையும் சேர்ந்து ஒரே அரண்மனைபோலத் தெரியும்; நடுப்பகுதிக்கு மட்டும் வெளிர்ப் பூச்சும் முக்கோண முகப்பும். வாசல் வளைவின் உச்சியில் தாடி வைத்த ஒரு முகம். அது செதுக்கிய கல் அல்ல. களிமண் கலவையை அச்சில் வார்த்துச் சுட்டது. இத்தனை மழைக்குப் பிறகும் தாடியின் சுருள் மழுங்கவில்லை!

மெரியன் 1762 முதல் மனை மனையாக வளர்ந்தது. கட்டியவர்கள் வேறுவேறு ஆட்கள் என்பதால் கூரை உயரம் ஏறி இறங்கும், பக்கத்து ஜன்னலோடு ஜன்னல் நேர்கோட்டில் நிற்காது. ஆனால் அளவுக் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றே: வரவேற்பறை இருக்கும் முதல் மாடியில் நெடிய ஜன்னல், மேலே போகப்போகக் குட்டை.

ஒழுங்கில் பெட்ஃபோர்டை மிஞ்ச முடியாது. என் மனம் என்னவோ மெரியனில்தான். சிவந்த செங்கல், வண்ணக் கதவு, அதன்மேல் விசிறிபோல விரியும் கண்ணாடி, வாசற்படியோரம் பூட்ஸ் சேற்றைச் சுரண்டும் சின்ன இரும்புச் சட்டம்.