மலை ஊர் பண்டிகைக்கு அதிர்வேட்டு: சேலத்திலிருந்து வந்த வாணக்காரர்கள் எப்படி?

ஆடிப் பண்டிகைக்கு வேட்டு போட ஆள் தேடுகிறவர்களுக்காக, குறிப்பாக ஏற்காடு பக்கத்து மலை ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். இந்தத் தடவை எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு அம்மாபேட்டைப் பக்கமிருந்து ஒரு குழுவை அழைத்திருந்தோம். நாலு பேர், ஒரு வேன். அதிர்வேட்டுக்கு, அதாவது இரும்புக் குழலில் மருந்து கெட்டித்துப் போடும் வேட்டுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடலாம், பேன்சி வாணத்துக்கு என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

எங்கள் ஊரில் வேட்டு என்பது சத்தத்துக்காக மட்டும் போடுவது கிடையாது. வீடுகள் சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், காபித் தோட்டத்தில் வேலையில் இருப்பவர்களுக்குக் கோயில் மைக் கேட்காது. கரகம் கிளம்பினால் ஒரு வேட்டு, அம்மன் வாசலுக்கு வந்தால் மூன்று, பொங்கல் பொங்கினால் ஒன்று. அதைக் கேட்டுத்தான் கீழே இருக்கிற சனம் கை கழுவிவிட்டு மேலே ஏறும். இதை அந்தக் குழுவை நடத்தும் பெரியவரிடம் சொன்னதும், "அப்போ எண்ணிக்கை தப்பக் கூடாதுங்க, இடைவெளி விட்டுப் போடுறேன்" என்றார், அப்படியே போட்டார். போன வருடம் வந்த வேறொரு கூட்டம் கரகம் புறப்பட்ட நேரத்தில் நீளமான சரவெடியைக் கொளுத்திவிட்டு, எது எதற்கான வேட்டு என்றே தெரியாமல் ஊரைக் குழப்பியது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின, ஒரு பையனுக்கு நாலைந்து நாள் காது இரைந்துகொண்டே இருந்தது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் சரவெடிக்குத் தடை இருக்கிறது என்பதைக் கூட அவர்கள் காதில் வாங்கவில்லை.

சத்தத்தின் தரம் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புக் குழலில் கருமருந்து (வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த பொடி) கெட்டித்துப் போடும் வேட்டு "தொம்" என்று அடிவயிற்றில் இறங்கும், அலுமினியப் பொடி கலந்த வெடி "பளார்" என்று காதில் அறையும். கருமருந்து கொஞ்சம் நிதானமாக எரிகிறது, அதனால் ஒலி கனமாக, தாழ்ந்து வருகிறது, தாழ்ந்த ஒலிதான் தூரம் போகும். எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தபோது எங்கள் மலைச்சாமி சேர்வராயனே பதில் சொன்ன மாதிரி இருந்தது என்று எங்கள் அத்தை சொன்னார், எனக்கும் புல்லரித்தது உண்மை.

ஆனால் அந்த எதிரொலியைக் கணக்கில் எடுக்க வேண்டும். பட்டாசு வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-லிருந்து விதி இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், அப்படிப் பார்த்தால் 64 மீட்டர் தள்ளி நின்றாலும் ஏறக்குறைய 101 வரும். பின்னால் பாறை இருந்தால் இவ்வளவு கூடக் குறையாது. அதனால்தான் அவர்கள் கோயில் திடலில் குழல் நட மறுத்து, ஊருக்கு வெளியே களத்து மேட்டுக்குப் போனார்கள். கமிட்டியில் சிலர் முகம் சுளித்தார்கள், எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

பக்கத்தில் நின்று பார்த்தது ஒன்று. குழலைப் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்து, சுற்றி ஈர மண்ணை மிதித்து இறுக்கினார்கள். நீளமான மூங்கில் கழி நுனியில் கட்டிய ஊதுவத்தியால் திரியைத் தொட்டதும் பெரியவர் முதுகைக் காட்டி நடந்துவிட்டார். ஒரு குழல் "புஸ்" என்று புகைந்து அடங்கிவிட்டது. எங்கள் பசங்க எட்டிப் பார்க்கப் போனார்கள், பெரியவர் போட்ட சத்தத்தில் வேட்டே தோற்றது. நடுவில் ஒரு வேப்பங்கொத்தை நட்டு, யாரும் தாண்டக் கூடாது என்று சொல்லி, அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, அப்புறம்தான் தள்ளி நின்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பிவிசி பைப்பில் கார்பைடு போட்டு வெடிக்கும் துப்பாக்கியை ஒருவன் கொண்டுவந்திருந்தான், அதையும் வாங்கி ஓரம் வைத்துவிட்டார். போபாலில் 2025 தீபாவளிக்கு அதனால் எத்தனை பிள்ளைகளுக்குக் கண்ணில் அடிபட்டது என்று தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சரக்கை வேனில், மூடிய பெட்டிகளில், காலையிலேயே ஏற்றி வந்தார்கள். போலீஸ் அனுமதி, தீயணைப்புத் துறைக்கு எழுதிய கடிதம் இரண்டையும் கையில் வாங்கிய பிறகே முன்பணம் வாங்கினார்கள். காடையாம்பட்டிப் பக்கம் 2025 ஏப்ரலில் திருவிழாவுக்கு டூவீலரில் வெடி கொண்டுபோனபோது வெடித்து நாலு உயிர் போனது நம் மாவட்டத்தில்தான். பைக்கில் மூட்டை கட்டி வருகிறேன் என்று எவனாவது சொன்னால் அந்த நிமிடமே வேறு ஆள் பாருங்கள்.

இனி குறை. மேலே போய் வெடிக்கும் பேன்சி வாணம் சுமார்தான். பாதி ஷாட் ஒரே பச்சை, ஒரே உயரம், மலை மூடுபனியில் பாதி தெரியவே இல்லை. இதற்காகக் கேட்ட கூடுதல் பணம் வீண். எரிந்த அட்டையும் காகிதமும் மிளகுக்கொடிக்கு அடியில் சிதறிக் கிடந்ததை நாங்கள்தான் பொறுக்கினோம். பேசும்போதே சுத்தம் செய்வதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் ஒரு திரியைக் கூடத் தொடவில்லை. இளைஞர்கள் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினார்கள், பெரியவர் பெட்டியை மூடிப் பூட்டிவிட்டார். பத்திலிருந்து காலை ஆறு வரை கூடாது என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனாலும் நேரத்துக்கு நிறுத்துகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

வேட்டுக்கு மட்டும் 14,000, பேன்சியோடு 26,000 ஆனது. அடுத்த வருடம் வேட்டுக்கு மட்டும் இவர்களையே சொல்லப்போகிறோம். ஆடியில் குகை, செவ்வாய்ப்பேட்டை என்று சேலத்திலேயே எல்லாப் பண்டிகையும் ஒன்றாக வரும், ஆனி பிறந்ததும் பேசி வைக்காவிட்டால் ஆள் கிடைக்காது. மலைக்கு வண்டி வாடகை தனி, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.