வல்லரசின் நிழலா, சொந்தக் காவலா? திருகோணமலையில் நின்று பார்த்தால்

இலங்கைக்கு எழுத்தில் ஒரு தேசியப் பாதுகாப்புக் கோட்பாடு வேண்டும் என்றால் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். ஒரு வல்லரசின் பக்கம் சாய்வது. அவ்வப்போது எல்லாரோடும் பேசிச் சமாளிப்பது. நடுநிலையை அறிவித்து நம் கடலை நாமே கண்காணிப்பது. மூன்றாவதுதான் சரி என்பது என் முடிவு.

முதலாவதைத் திருகோணமலை அனுபவித்துவிட்டது. 1947 பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி சுதந்திரத்துக்குப் பிறகும் இங்கே இருந்த பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல்தான் நம் கைக்கு வந்தது. செலவு குறைவுதான். ஆனால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டதும் அந்தத் தளத்துக்காகத்தான்.

இரண்டாவது, இன்றைய நடைமுறை. 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களில், இந்திய நலனுக்குக் கேடாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ எந்த நாட்டின் படைத் தேவைக்கும் கொடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டோம். 2022இல் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வரப்போனபோது முதலில் அனுமதி, பிறகு தள்ளிவைக்கச் சொன்னது, பிறகு மறுபடி அனுமதி. கப்பல் வாசலுக்கு வந்தபின் விதி தேடினால் கடைசியாக நெருக்கியவர் சொல்தான் நிற்கும்.

மூன்றாவது வழி பராமரிப்பில்தான் தங்கியிருக்கிறது. நம் தனிப் பொருளாதார வலயம், அதாவது வளங்களில் நமக்கு உரிமை உள்ள கடற்பரப்பு, சுமார் 517,000 சதுர கிலோமீற்றர். நிலப்பரப்பைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. அதைச் சுற்றிவரும் பெரிய கப்பல்களைப் பாருங்கள். கஜபாகு, 1968இல் சேவைக்கு வந்த அமெரிக்கக் கரையோரக் காவற்கப்பல். பராக்கிரமபாகு, சீனக் கடற்படையில் ஓடியது. சயுரல, கோவாவில் நமக்கென்றே கட்டியது. மூன்று நாட்டு இயந்திரங்கள், மூன்று வகை உதிரிப்பாகங்கள், மூன்று விதப் பயிற்சி. ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தாது. ஒரு பாகம் வரத் தாமதித்தால் கப்பல் துறையிலேயே கிடக்கும்.

திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்தில் நிற்கும் டோர்னியர் கடற்கண்காணிப்பு விமானமும் அப்படித்தான். 2022 ஓகஸ்டில் இந்தியா தந்த முதல் விமானம் பராமரிப்புக்காகத் திரும்பிப் போக, அடுத்த ஆண்டு அதன் இடத்துக்கு வேறொன்று வந்தது. நல்ல உதவி, மறுக்கவில்லை. ஆனால் பழுதுபார்ப்பு எவர் கையிலோ, வானில் இருக்கும் நேரமும் அவர் கையில்தான்.

ஆகவே கோட்பாட்டில் இவை வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்: அன்பளிப்பாக வந்தாலும் ஐந்து ஆண்டு உதிரிப்பாகம், வரைபடங்கள், நம் பொறியியலாளர்களுக்கான பயிற்சி ஆகியவை ஒப்பந்தத்தில் இல்லாமல் எந்தக் கப்பலையும் ஏற்பதில்லை, புதிதாக வாங்குபவை ஒரே இயந்திர வகை, வெளிநாட்டுக் கப்பல் எதுவானாலும் ஒரே விண்ணப்பம், ஒரே கால எல்லை. எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யார் முடிவெடுப்பது என்பதும் வேண்டும். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றி 2019 ஏப்ரல் 4ஆம் திகதி கிடைத்த தகவல், குண்டுகள் வெடித்த 21ஆம் திகதி வரை செயலாக மாறவில்லையே.

ஒரு பெரிய நாடு பலவந்தமாக நுழைய நினைத்தால் இந்த வழி தடுத்துவிடும் என்று சொல்லமாட்டேன். இணையத் தாக்குதலுக்கும் இதில் பெரிதாகப் பதில் இல்லை.

பணம்? அனுமதிக்கப்பட்ட இராணுவ ஆளணியை 200,783இலிருந்து 2030க்குள் 100,000 ஆக்குவதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். சம்பளத்தில் மிச்சமாவதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போய்விடும். அதனால் புதுக் கப்பல் வாங்குவதற்கு முன், இருப்பவற்றின் பழுதுபார்ப்புக்குப் பாதீட்டில் தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும்.