பிங் குறைக்கும் சேவைகள்: வெளிநாட்டில் இருந்துகொண்டு பழைய சர்வரில் ஆடுபவர்களுக்கு எது உதவும், எது உதவாது

நாடு மாறினாலும் கில்டும் கேரக்டரும் ரேங்க்கும் பழைய சர்வரிலேயே கிடக்கும். அங்கேயே தொடர்ந்து ஆட நினைப்பவர்களைக் குறிவைத்துத்தான் "பிங்கைப் பாதியாக்குகிறோம்" என்று சொல்லும் சேவைகள் விற்கப்படுகின்றன. பிங் என்பது உங்கள் கணினியிலிருந்து ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில். மட்ஃபிஷ், எக்ஸிட்லேக், டபிள்யூடிஎஃபாஸ்ட் ஆகிய மூன்றையும், அவற்றுக்கு மாற்றாக நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய வயர்கார்ட் (இலவச விபிஎன் மென்பொருள்) சர்வரையும் இங்கே பார்க்கலாம். எதைப் பரிந்துரைப்பது என்பது உங்கள் இணைப்பில் கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனவே அளப்பதிலிருந்து தொடங்குவோம்.

கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கி.மீ. போகிறது. அதனால் ஒவ்வொரு 1,000 கி.மீ.க்கும் போய்த் திரும்ப 10 மில்லிசெகண்டு ஆகியே தீரும். லண்டனிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 7,200 கி.மீ.; ஆக 72 மில்லிசெகண்டுக்குக் கீழே எந்தச் சேவையாலும் இறக்க முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் சுற்றிக்கொண்டு போகிறது. அதனால் நல்ல ரூட்டிலேயே 110 முதல் 130 வரை வரும். உங்களுக்கு இப்போதே 125 வருகிறதென்றால் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். வாங்குவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. 220 வருகிறதென்றால் உங்கள் பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) வேறெங்கோ சுற்றிவிட்டு வருகின்றன என்று பொருள். பிங் எண்ணைப் பொறுத்தவரை இந்தச் சேவைகளால் சரிசெய்ய முடிவது அந்தச் சுற்றை மட்டும்தான்.

அளக்கும்போது வைஃபையை விட்டுவிட்டு ஈதர்நெட் கேபிள் போடுங்கள். பல கேம் சர்வர்கள் பிங் கோரிக்கைக்குப் பதிலே சொல்லாது. அப்போது அதே நகரத்திலுள்ள அமேசான் கிளவுட் மண்டல முகவரி ஒன்றை இலக்காக வைத்து வின்எம்டிஆர் நிரலைப் பத்து நிமிடம் ஓடவிடலாம். வழியிலுள்ள ஒவ்வொரு ரௌட்டரையும் ஒரு வரியாக, தாமதத்தோடும் லாஸோடும் அது பட்டியலிடும். நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்திலேயே ஓட்டுங்கள். காலையில் சுத்தமாக இருக்கும் ரூட் இரவு ஒன்பது மணிக்கு நெரிசலில் மாட்டியிருக்கும்.

முடிவைப் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நடுவில் ஏதோ ஒரு ரௌட்டரில் 40% பாக்கெட் லாஸ் (பாக்கெட்டுகள் தொலைவது) காட்டி, கடைசி வரியில் 0% காட்டினால் அது கோளாறே இல்லை. அந்த ரௌட்டர் தன்னிடம் நேரடியாக வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்கிறது, உங்கள் ஆட்டத்தின் பாக்கெட்டுகளை ஒழுங்காகவே கடத்துகிறது. ஒரு வரியில் தொடங்கிய லாஸ் கடைசி வரை நீடித்தால் அதுதான் உண்மையானது. முதல் வரியிலேயே லாஸ் என்றால் பழுது உங்கள் வீட்டுக்குள். இரண்டாவது, மூன்றாவது வரி என்றால் உங்கள் இணைய நிறுவனத்தின் உள்ளூர்ப் பகுதியில். இந்த இரண்டு இடங்களிலும் எந்தச் சேவையும் கைவைக்க முடியாது, ஏனென்றால் அவர்களுடைய நோடுக்கு (இடைநிலை சர்வருக்கு) போவதற்கும் நீங்கள் அதே வழியைத்தான் கடக்க வேண்டும். வீட்டில் யாராவது வீடியோ அப்லோட் செய்யும்போது மட்டும் பிங் எகிறுகிறதென்றால் மோடத்தில் வரிசை நிரம்புகிறது. ரௌட்டரில் எஸ்க்யூஎம் (வரிசை நிரம்பாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி இருந்தால் அதை இயக்கி, அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். இது இலவசம், பலருக்கு இதுவே போதும்.

மட்ஃபிஷ் கொரியாவிலிருந்து வரும் சேவை. பயன்படுத்திய டேட்டாவுக்கு மட்டும் கட்டணம் என்பது இதன் தனிச்சிறப்பு. முன்பணமாகப் போடும் தொகையிலிருந்து எம்பி கணக்கில் கழியும். நோடு இருக்கும் நாட்டைப் பொறுத்து விலை மாறும். எம்எம்ஓ (ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஆடும்) விளையாட்டுகள் மணிக்குச் சில பத்து எம்பியைத்தான் தின்னும், ஷூட்டர்கள் (துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள்) சில நூறு எம்பி வரை போகலாம். வாரத்தில் இரண்டு மூன்று இரவு மட்டும் ஆடுபவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. கணக்குத் தொடங்கி, உங்கள் விளையாட்டை "ஐட்டம்" பட்டியலில் சேர்த்து, நோடைத் தேர்ந்தெடுத்தால் அந்த விளையாட்டின் போக்குவரத்து மட்டும் அவர்கள் வழியாகப் போகும். ஒரு நோடு போதாதபோது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலி போடவும் முடியும். ரூட் எங்கே கெடுகிறது என்று வின்எம்டிஆரில் பார்த்தவருக்கு இது பெரிய ஆயுதம்.

குறை என்னவென்றால், எதையும் இது தானாகச் சிறப்பாகத் தேர்ந்துவிடாது. நோடு தேர்வை நீங்களே செய்து பார்க்க வேண்டும், திரைகள் பழகுவதற்குக் கடினம். உங்கள் வீட்டுக்கு மிக அருகிலுள்ள நோடை எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. வீட்டிலிருந்து நோடுக்கு ஆகும் நேரம், நோடிலிருந்து கேம் சர்வருக்கு ஆகும் நேரம் இரண்டின் கூட்டுத்தொகைதான் முக்கியம். பெரும்பாலும் சர்வர் இருக்கும் நகரத்து நோடு அல்லது கேபிள்கள் கரையேறும் நகரத்து நோடு வெல்லும். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் போகும் வழியில் மார்செய் அப்படிப்பட்ட நகரம். இன்னொரு எச்சரிக்கை: முழு விபிஎன் முறையில் போட்டுவிட்டு 30 ஜிபி பேட்ச் இறக்கினால் முன்பணம் அந்த ஒரே இரவில் கரைந்துவிடும். அப்டேட்டை முடித்த பிறகே இயக்குங்கள்.

எக்ஸிட்லேக் சந்தா வகை. விளையாட்டையும் சர்வர் மண்டலத்தையும் தேர்ந்தெடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஒரே பாக்கெட்டைப் பல வழிகளில் ஒரே நேரத்தில் அனுப்பி, முதலில் போய்ச் சேர்வதை எடுத்துக்கொள்ளும் மல்டிபாத் முறை இதன் பலம். சராசரி பிங் குறைவதைவிட, அவ்வப்போது பாக்கெட் தொலைந்து எதிரி இடம் தாவித் தெரிகிற தொல்லை குறைவதில்தான் இதன் பயன் கண்கூடாகத் தெரியும். என் பார்வையில், 150இல் ஆடாமல் நிற்கும் பிங் 110க்கும் 190க்கும் இடையே துள்ளும் பிங்கைவிட எவ்வளவோ மேல். கை அதற்குப் பழகிக்கொள்ளும். தினமும் ஆடுபவருக்கும் அமைப்புகளில் நேரம் செலவிட விரும்பாதவருக்கும் இதைத் தயங்காமல் சொல்லலாம். புதியவர்களுக்கு இலவசச் சோதனைக் காலம் உண்டு. அதை வார நாள் பகலில் வீணாக்காமல், நெரிசலான வார இறுதி இரவுகளில் வருமாறு தொடங்குங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். அதே இரவில் சேவையோடு ஒரு மணி நேரம், இல்லாமல் ஒரு மணி நேரம் ஆடி, விளையாட்டே காட்டும் பிங் எண்ணை ஒப்பிடுங்கள். சேவையின் சொந்தத் திரை காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

டபிள்யூடிஎஃபாஸ்ட் கனடாவைச் சேர்ந்தது, இந்தத் துறையில் பழைய பெயர். சில ஆசுஸ் கேமிங் ரௌட்டர்களிலேயே இது உள்ளடங்கி வந்ததுண்டு. கன்சோலில் ஆடுபவர்களுக்கு அதுதான் இதன் முக்கியப் பயன், ஏனென்றால் பிளேஸ்டேஷனிலோ ஸ்விட்ச்சிலோ கணினி நிரலை நிறுவ முடியாது. அப்படிப்பட்ட ரௌட்டர் கையில் இல்லாதவர் இதைத் தேடிப் போகக் காரணம் குறைவு. மட்ஃபிஷையும் ஓபன்டபிள்யூஆர்டி (ரௌட்டருக்கான திறந்த மூல மென்பொருள்) ஓடும் ரௌட்டர்களில் ஏற்ற முடியும்.

ஒரே ஒரு விளையாட்டு, ஒரே ஒரு சர்வர் என்று இருப்பவருக்குச் சிறிய கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து அதில் வயர்கார்ட் போடுவது எனக்குப் பிடித்த வழி. பல நிறுவனங்கள் லுக்கிங் கிளாஸ் என்ற சோதனைப் பக்கம் வைத்திருக்கின்றன. பணம் கட்டுமுன் உங்கள் வீட்டிலிருந்து அங்கேயும், அங்கிருந்து கேம் சர்வர் பக்கமும் பிங் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. எல்லாப் போக்குவரத்தையும் உள்ளே திருப்பாமல், கேம் சர்வரின் ஐபி வரம்பை மட்டும் அனுமதிப் பட்டியலில் போடுங்கள். ஆட்டம் ஓடும்போது விண்டோஸ் ரிசோர்ஸ் மானிட்டரின் நெட்வொர்க் பகுதியில் அந்த முகவரி தெரியும். வீட்டு ரௌட்டர் இணைப்பை மறந்துவிடாமல் இருக்க 25 நொடிக்கொருமுறை உயிர்க்குறி அனுப்பும்படி வையுங்கள். அடுத்தது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு (பைட்டில்). வயர்கார்டில் இயல்பாக 1420 இருக்கும். உங்கள் இணைப்பு பிபிபிஓஈ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும்) வகையென்றால் அதன் அளவே 1492தான், அதனால் 1412 அல்லது அதற்குக் கீழே இறக்குங்கள். லாகின் ஆகிறது, லோடிங் திரையில் மட்டும் தொங்குகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சில விளையாட்டுகள் டேட்டா சென்டர் ஐபிகளை மறுக்கும். எனவே முதல் மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கட்டாதீர்கள். சாதாரண விபிஎன் வைத்திருப்பவர்கள் டிசிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பி வரிசை மாறாமல் சேர்க்கும்) முறையில் ஓடும் ஓபன்விபிஎன்னைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். ஒரு பாக்கெட் தொலைந்தால் அதற்காகப் பின்னால் வருவதெல்லாம் காத்து நிற்கும்.

இவை எதுவும் வேண்டாத விளையாட்டுகளும் உண்டு. டோட்டா 2, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 இரண்டும் அவற்றைத் தயாரித்த வால்வ் நிறுவனத்தின் சொந்த ரிலே (இடைநிலை சர்வர்) வலைப்பின்னல் வழியாகவே ஓடுகின்றன. அதற்கு மேல் இன்னொரு அடுக்கு போட்டால் பெரும்பாலும் பிங் கூடத்தான் செய்யும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் தூரத்து மேட்ச் கிடைக்கவில்லை என்றால் அமைப்புகளில் ஏற்கத்தக்க அதிகபட்ச பிங் எண்ணை உயர்த்துங்கள், அவ்வளவுதான்.

பிங் சரியானாலும் கணக்கு விதிகள் தடுக்கும் இடங்கள் இருக்கின்றன, இதற்கு எந்தச் சேவையும் மருந்தல்ல. வேலரண்ட்டில் மண்டலம் கணக்கோடு ஒட்டியது. விபிஎன் போட்டு வேறு நாட்டு ஐபி காட்டினால் அது மாறிவிடாது. கென்ஷின் இம்பாக்ட்டில் ஒரே கணக்கானாலும் ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா சர்வர்களில் முன்னேற்றம் தனித்தனி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துப்போக முடியாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் அமெரிக்க மண்டலத்துக் கேரக்டர் ஐரோப்பிய மண்டலத்துக்கு வராது. இங்கே அதிகம் சொல்லப்படாத ஒன்று: அடுத்த திறனை முன்கூட்டியே அழுத்தி வைக்க அனுமதிக்கும் நேரமான ஸ்பெல் க்யூ விண்டோ இயல்பாக 400 மில்லிசெகண்டு. அதைக் குறைக்கச் சொல்லும் அறிவுரைகள் சர்வருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கானவை. 180 பிங்கில் ஆடும் நீங்கள் அதைத் தொடாதீர்கள். ஃபைனல் ஃபேண்டஸி 14 இந்த விஷயத்தில் மிகவும் தாராளம். எந்த நாட்டிலிருந்தும் ஜப்பான் டேட்டா சென்டரில் கேரக்டர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே இரட்டைத் திறன் செருகும் ஜாப்கள் (கேரக்டர் வகைகள்) உயர்ந்த பிங்கில் தடுமாறும். நிதானமாக மந்திரம் போடும் காஸ்டர் ஜாப்கள் அவ்வளவாகப் பாதிக்கப்படாது.

கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது ஓடிபி ஏற்பாடு. பழைய சிம்முக்குக் குறுஞ்செய்தி வரும் கணக்குகளையெல்லாம் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிவிடுங்கள், மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். ஸ்டீமில் நாட்டை மாற்ற அந்தந்த நாட்டுக் கட்டண முறை வேண்டும். விபிஎன் வழியாக வேறு நாட்டு விலையில் வாங்குவது அவர்களின் விதிமீறல், கணக்குக்கே ஆபத்து.

சந்தா எடுக்குமுன் கடிகாரத்தையும் பாருங்கள். கோடைக்காலத்தில் லண்டனில் இரவு 9 மணி என்பது சிங்கப்பூரில் அதிகாலை 4 மணி. ரூட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்நேரத்தில் ரேங்க் மேட்சுக்கு ஆள் சேராது. வார இறுதி மதியங்களில்தான் உங்கள் ஆட்டம் நடக்கும் என்றால் மாதச் சந்தாவைவிட டேட்டாவுக்குக் கட்டணம் வாங்கும் மட்ஃபிஷ் பொருத்தம்.

கடல் கேபிள் அறுந்தால் எல்லாக் கணக்கும் மாறும். 2025 செப்டம்பரில் ஜெட்டாவுக்கு அருகே செங்கடலில் கேபிள்கள் சேதமடைந்தபோது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான தாமதம் எகிறியது. அப்படிப்பட்ட வாரங்களில் நேற்றுவரை சிறந்ததாக இருந்த நோடே மோசமானதாகிவிடும். தானியங்கித் தேர்வை நம்பாமல், வேறு கடல்வழியில் போகும் நோடு ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்து, வின்எம்டிஆரை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.