பிரஷர் சாக்ஸ்: கிழியாமலே பிடிப்பு போவது எப்படி?

நரம்புச் சுருட்டுக்கும் கால் வீக்கத்துக்கும் போடுகிற பிரஷர் சாக்ஸ் கிழிந்து வீணாவது அபூர்வம். தையல் பிரியாமல், நிறம் மங்காமல் இருக்கும்போதே அழுத்தம் இறங்கிவிடும். அழுத்த அளவில் கிளாஸ் 2 வகை என்றால் கணுக்காலில் 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்க வேண்டும். அதைத் தருவது நைலான் நூல் சுற்றிய எலாஸ்டேன் என்ற இழுபடும் செயற்கை இழை. பகல் முழுக்க இழுபட்டே நிற்பதால் இழைக்குள் மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல வழுகி இடம் மாறும். துவைத்து ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீளும், மிச்சம் மீளாது. இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடச் சொல்வது இதற்காகத்தான். தினமும் போட்டால் ஆறு மாதம் கணக்கு. தீக்காயத் தழும்புக்குத் தினம் 23 மணி நேரம் போடும் அழுத்த உடைக்கு இரண்டு மூன்று மாதம்தான்.

குமரி மாவட்டத்தில் முதல் எதிரி தேங்காயெண்ணெய். காலில் தேய்த்த கையோடு சாக்ஸ் ஏற்றினால் இழை சீக்கிரம் கெடும். ரப்பர் நூல் கலந்ததென்றால் இன்னும் வேகமாக. எண்ணெயை இரவில் தேய்த்து, காலையில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு போடுங்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று அந்தத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம்; குளோரின் எலாஸ்டேனை அரிக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் காய்வது பெரும்பாடுதான். அதற்காக அடுப்புப் பக்கமோ ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையிலோ தொங்கவிடக்கூடாது. முறுக்காமல், உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்தி, மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டால் போதும்.

தளர்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? சாக்ஸின் அகலத்தை மட்டும் அளந்தால் ஏமாறுவோம். அளவு பழையபடி சுருங்கும், இழுவிசை மட்டும் குறைந்திருக்கும். காலின் சுற்றளவைத்தான் அளக்க வேண்டும். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே ஒரே இடத்தில், காலையிலும் மாலையிலும் தையல் டேப் வைத்து எழுதி வாருங்கள். புதிதில் இருந்ததைவிட மாலை வீக்கம் கூடிக்கொண்டே போனால் சாக்ஸ் தளர்ந்திருக்கலாம். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்காருபவர்களுக்கு இந்த வித்தியாசம் தெளிவாகவே தெரியும்.

தளர்ந்த சாக்ஸ் நழுவும்போது மேல் விளிம்பை மடித்துவிடுவது மிக ஆபத்தான பழக்கம். மடிப்பில் துணி இரட்டையாகி அந்த இடம் மட்டும் கயிறு கட்டியதுபோல இறுகும், கீழே நீர் தேங்கும். பழசின் மேல் இன்னொன்றைப் போடுவதும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். புதிது வாங்கும்போது பழைய அளவுச் சீட்டைக் கொடுக்காதீர்கள். வீக்கம் வடிந்த காலுக்கு அந்த அளவு தொளதொளக்கும். காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன் புதிதாக அளவெடுங்கள்.