நான்கு வருடம் ஓடிய யுனிவர்சல் ரிமோட்: எல்லாம் சரி, அந்த பவர் பட்டனைத் தவிர

போன வாரம் என் யுனிவர்சல் ரிமோட்டில் (எல்லாக் கருவிக்கும் ஒரே ரிமோட்) வால்யூம் கூட்டும் பட்டன் செத்துப்போனது. திறந்து துடைத்து மூடியதும் உயிர் வந்துவிட்டது. அதே சமயம் ஒரு நண்பரும் "ஹோம் தியேட்டருக்கு எந்த யுனிவர்சல் ரிமோட் வாங்கலாம்?" என்று கேட்டார். இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எத்தனை கருவி தாங்கும், எத்தனை பட்டன், திரை உண்டா என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. பெட்டியில் இல்லாதது ஒன்றுதான்: பவர்.

டிவியோடு வரும் ரிமோட்டில் பவர் பட்டன் ஒன்றே ஒன்று. ஓடினால் அணைக்கும், அணைந்திருந்தால் போடும். எதிரில் உட்கார்ந்து அழுத்தும்வரை இதில் குறை இல்லை, கண் பார்த்துவிடும். யுனிவர்சல் ரிமோட்டுக்குக் கண் கிடையாது. இன்ஃப்ராரெட் ஒருவழிப் பாதை. சிக்னல் போய்ச் சேர்ந்ததா, டிவி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று திரும்பி எந்தத் தகவலும் வராது. 'படம் பார்' என்று ஒரு பட்டனை அழுத்தினால் டிவி, ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு ஒலி அனுப்பும் பெட்டி), பிளேயர் மூன்றுக்கும் பவர் சிக்னல் வரிசையாகப் போகிறது. அதில் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அது மட்டும் அணைந்துவிடும். கொஞ்சம் விலை கூடிய ரிமோட்டுகள் 'எதைப் போட்டேன், எதை அணைத்தேன்' என்று உள்ளுக்குள் கணக்கு வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கு ஒரு முறை தப்பினால் அடுத்தடுத்து எல்லாம் தலைகீழ்தான்.

கணக்கு தப்ப வழிகள் ஏராளம். மேக்ரோ, அதாவது ஒரே பட்டனில் வரிசையாகப் போகும் சிக்னல்கள், முழுதும் ஓடி முடிய 10 முதல் 15 விநாடி ஆகும். பட்டனை அழுத்தியதும் ரிமோட்டைக் கீழே வைப்பது எல்லோருக்கும் பழக்கம். பாதி சிக்னல் சோபாவுக்குள் போய்விடும். வீட்டில் யாராவது பழைய ரிமோட்டால் டிவியை அணைத்திருப்பார்கள். இவற்றையெல்லாம் விடப் பெரிய எதிரி எச்டிஎம்ஐ சிஇசி, அதாவது எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று போடவும் அணைக்கவும் செய்யும் வசதி. ரிசீவர் எழுந்ததும் சிஇசி வழியாக டிவியையும் எழுப்பிவிடும். இரண்டு விநாடி கழித்து ரிமோட்டின் பவர் சிக்னல் டிவிக்கு வரும். எழுந்த டிவி மறுபடி தூங்கிவிடும். "ரிமோட் பழுது" என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் பல இந்தச் சண்டையால்தான். டிவி, ரிசீவர் இரண்டின் மெனுவிலும் சிஇசியை அணைத்துவிட்டு ரிமோட்டை மட்டும் நம்புங்கள். இல்லையென்றால் மேக்ரோவிலிருந்து டிவியின் பவர் சிக்னலை எடுத்துவிட்டு சிஇசியை நம்புங்கள். இரண்டும் ஒன்றாக வேலைக்கு ஆகாது. ஒன்று கவனம்: டிவியின் ஒலி ஏஆர்சி (அதே எச்டிஎம்ஐ கேபிளில் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்குப் போகிறது என்றால், சிஇசியை அணைத்ததும் பல மாடல்களில் அந்த ஒலியும் போய்விடும்.

உண்மையான மருந்து டிஸ்கிரீட் கோடு (discrete code). போடுவதற்குத் தனி சிக்னல், அணைப்பதற்குத் தனி சிக்னல். ஓடும் டிவிக்கு 'போடு' சிக்னலைப் பத்து முறை அனுப்பினாலும் அது அசையாது. பல டிவிகளிலும் ரிசீவர்களிலும் இந்தக் கோடு உள்ளே இருக்கிறது, கூட வரும் ரிமோட்டில்தான் பட்டன் இல்லை. அதனால் பழைய ரிமோட்டிலிருந்து லேர்ன் செய்து, அதாவது அதன் சிக்னலை யுனிவர்சல் ரிமோட்டில் பதிவு செய்து, இதைப் பிடிக்க முடியாது. யுனிவர்சல் ரிமோட்டின் கோடு பட்டியலில் 'பவர் ஆன்', 'பவர் ஆஃப்' என்று தனித்தனியாக இருக்கிறதா என்று தேட வேண்டும். ரிசீவர்களில் பெரும்பாலும் கிடைக்கும். டிவியில்தான் தகராறு.

கிடைக்காவிட்டால் ஒரு குறுக்குவழி. சில டிவிகள் அணைந்திருக்கும்போது இன்புட் பட்டனையோ எண் பட்டனையோ அழுத்தினால் எழுந்துவிடும். ஓடும்போது அதே பட்டன் எதையும் அணைக்காது. உங்கள் டிவி அப்படி எழுந்தால், போடும் மேக்ரோவில் பவருக்குப் பதில் அந்தப் பட்டனை வையுங்கள். அணைக்கும் மேக்ரோவில் முதலில் அதே பட்டன், பிறகு டிவி முழுதாக எழும் அளவுக்கு இடைவெளி, பிறகு பவர். டிவி எந்த நிலையில் இருந்தாலும் முடிவில் அணைந்தே இருக்கும். இந்த ஒரு வித்தை வேலை செய்த நாள்தான் நான்கு வருடத்தில் இந்த ரிமோட் கொடுத்த மிகப் பெரிய சந்தோஷம்.

மேக்ரோ வரிசையில் எழ அதிக நேரம் எடுப்பது முதலில் வரவேண்டும். புரொஜெக்டர், பிறகு ரிசீவர், பிறகு பிளேயர். ரிசீவருக்கு பவர் போனதும் 6 முதல் 8 விநாடி விட்டுத்தான் இன்புட் மாற்றும் சிக்னல். அதற்கு முன்னால் அனுப்பினால் அது காதிலேயே வாங்காது. நிறையப் புரொஜெக்டர்களுக்கு அணைக்க பவரை இரண்டு முறை அழுத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு விநாடி விடுங்கள். இல்லாவிட்டால் ஒரே அழுத்தமாக எடுத்துக்கொண்டு, "அணைக்கவா?" என்று திரையில் கேட்டபடியே நிற்கும்.

லேர்னிங் செய்யும்போது இரண்டு ரிமோட்டையும் மேசையில் நேருக்கு நேர், 2 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். பழைய ரிமோட்டுக்குப் புது பேட்டரி. ஜன்னல் வெயில் நேராக விழக்கூடாது. பட்டனைச் சட்டென்று ஒரு முறை தட்டி விடுங்கள். அழுத்திப் பிடித்தால் திரும்பத் திரும்ப வரும் சிக்னலும் சேர்ந்து பதிவாகி, பிற்பாடு ஒரு தட்டுக்கு வால்யூம் நாலு படி ஏறும். ஆர்சி-5 வகை சிக்னல் அனுப்பும் கருவிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த முறையில் ஒவ்வொரு புது அழுத்தத்துக்கும் ஒரு பிட் மாறும். லேர்ன் செய்த சிக்னலில் அது மாறாமல் உறைந்துவிடும். அதனால் '5' ஐ இரண்டு முறை அழுத்தினாலும் கருவி ஒன்றாகத்தான் எண்ணும். இதற்கு லேர்னிங் தீர்வாகாது, பட்டியலில் உள்ள கோடுதான் தீர்வு. சிக்னல் வருகிறதா என்று சந்தேகம் வந்தால் போனின் முன்பக்கக் கேமராவில் ரிமோட்டின் முனையைப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா நிறத்தில் மின்னுவது தெரியும்.

புளூடூத்தில் மட்டும் இயங்கும் ஸ்டிக், கேம் கன்சோல் இருந்தால் வெறும் இன்ஃப்ராரெட் ரிமோட் போதாது, ரிமோட்டின் கட்டளையை வாங்கிக் கருவிகளுக்கு அனுப்பும் ஹப் என்ற சிறு பெட்டி வேண்டும். ஹப் இருந்தால் சிக்னலை அதுவே அனுப்பும், ரிமோட்டை நீட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆப் வழியாக நிறுவனத்தின் சர்வரில் நுழைந்துதான் அமைப்பை மாற்ற முடியும் என்ற ரகத்தைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. லாஜிடெக் தன் ஹார்மனி யுனிவர்சல் ரிமோட்டுகளின் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 ஏப்ரலில் அறிவித்தது. பழைய ரிமோட்டுகளுக்கு ஆதரவு தொடரும் என்றும் சொன்னது. இருந்தாலும் ஒரு டிவியை மாற்றுவதற்கு யாரோ ஒருவரின் சர்வரை நம்பி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பழுதைப் பற்றி: பேட்டரி அறைக்குள் இரண்டு ஸ்க்ரூ, பிறகு ஓரம் முழுக்கப் பிளாஸ்டிக் கொக்கி. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஓரம் பிய்ந்துவிடும், பழைய ஏடிஎம் கார்டு போதும். உள்ளே ரப்பர் பாயின் அடியில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கறுப்புப் பொட்டு. அதிகம் அழுத்தும் வால்யூம் பட்டனின் பொட்டிலும் அதன் எதிரே போர்டிலும் எண்ணெய்ப் பிசுக்கு பளபளவென்று படிந்திருந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் போர்டைத் துடைக்கலாம். கறுப்புப் பொட்டை மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கார்பன் உரிந்து பட்டன் நிரந்தரமாகப் போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். லேர்ன் செய்த எதுவும் அழியவில்லை, பேட்டரி இல்லாமல் ஒரு நாள் கிடந்தும்.

பட்டன் கைக்கு அடக்கமாக இருக்கிறது, இருட்டில் தடவியே கண்டுபிடிக்கலாம், நான்கு வருடத்தில் ஒரே ஒரு பழுது. இவ்வளவு சொல்லியும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள், இப்போதைக்கு. முதலில் உங்கள் டிவியை அணைத்துவிட்டு அதன் பழைய ரிமோட்டில் இன்புட் பட்டனை அழுத்திப் பாருங்கள். எழவில்லை, டிஸ்கிரீட் கோடும் கிடைக்கவில்லை என்றால், எந்த ரிமோட் வாங்கினாலும் வாரத்துக்கு இரண்டு நாள் டிவி முன்னால் எழுந்து போய் நிற்பீர்கள். அந்த நிலையில் சிஇசியைப் போட்டுவிட்டு ரிசீவரின் ரிமோட்டிலேயே காலம் தள்ளலாம். எழுந்தால் சொல்லுங்கள், மாடலைப் பார்ப்போம்.